இ-சிகரெட் தடை: எல்லைக் கடைவீதியில் எதை, எங்கே தடுப்பது?

குழித்துறைப் பாலம்:
குமரி மாவட்டம் மார்த்தாண்டத்திலிருந்து கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை வரையுள்ள கடைக்காரர்கள் கூட்டத்தில் வைக்க ஒரு தீர்மானம் எழுதவேண்டும். பொருள் இ-சிகரெட், அதாவது பையன்கள் வேப், பாட் என்று சொல்லும் சாமான். கைக்கு இரண்டு வரைவு வந்திருக்கிறது. முதல் வரைவு சொல்வது: "கேரளத்திலிருந்து கடத்தி வரப்படுவதால் களியக்காவிளை சோதனைச்சாவடியில் கெடுபிடி கூட்டவேண்டும்." இரண்டாவது: "தடை பலிக்கவில்லை. வயது வரம்பு, வரி வைத்து விற்க அனுமதி கேட்கவேண்டும்." எனக்கு இரண்டிலும் முழுச் சம்மதம் இல்லை. விஷயம் தெரிந்தவர்கள் சட்டம், சாதனம், மருத்துவம் மூன்றையும் பற்றி விவரமாக எழுதுங்கள். "எல்லாம் போலீஸ் பாத்துக்கும்" என்ற ரகப் பதில் வேண்டாம்.

வக்கீல் மேசை:
முதலில் சட்டத்தைச் சரியாக வைத்துக்கொள்வோம். பலர் இதை மாநிலத் தடை என்று நினைக்கிறார்கள். தமிழ்நாடும் கேரளமும் முன்பே தடை போட்டிருந்தது உண்மை. ஆனால் இன்று நடைமுறையில் இருப்பது ஒன்றிய அரசின் 2019ஆம் ஆண்டு 42ஆம் எண் சட்டம். 2019 செப்டம்பர் 18 அன்று அவசரச் சட்டமாக வந்தது. டிசம்பரில் நாடாளுமன்றச் சட்டமானது. கேரளத்துப் பாறசாலையிலும் அதே சட்டம்தான், களியக்காவிளையிலும் அதே சட்டம்தான்.

4ஆம் பிரிவு: தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, கொண்டுசெல்லுதல், விற்பனை, விநியோகம், விளம்பரம் எல்லாம் குற்றம். முழுச் சாதனம் மட்டுமில்லை, அதன் எந்தப் பாகமும் உட்படும். ஆகவே "நான் காயில் (சூடாக்கும் கம்பிச்சுருள்) மட்டும்தான் விற்றேன், காலி பாட் (திரவக் குப்பி) மட்டும்தான் விற்றேன்" என்ற பேச்சு எடுபடாது. முதல் முறை என்றால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை என்றால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும்.

5ஆம் பிரிவு இருப்பு வைப்பது. ஓர் இடத்தின் உரிமையாளரோ அதை அனுபவிப்பவரோ அங்கே சரக்கு வைக்கத் தெரிந்தே இடம் கொடுத்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐம்பதாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். கடையை உள்வாடகைக்கு விட்டவர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கவும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நிக்கோட்டின் இல்லாத திரவம் போட்டாலும் தடைதான். சட்டத்தின் வரையறையில் "நிக்கோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும்" என்றே இருக்கிறது. புகையிலையை எரிக்காமல் சூடாக்கும் கருவியும், மின்-ஹூக்காவும் அதே வரையறைக்குள் வந்துவிடும். "இது வெறும் ஃப்ளேவர் சார்" என்று சொல்லித் தப்ப முடியாது.

ஆனால் பயன்படுத்துவதற்கென்று தனித் தண்டனை இந்தச் சட்டத்தில் இல்லை. ஒற்றைச் சாதனம் சட்டைப்பையில் வைத்திருப்பவரை 'இருப்பு' என்ற சொல்லுக்குள் கொண்டுவரலாமா என்பதில் வக்கீல்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. தீர்மானத்தில் "புகைப்பவர்களைக் கைது செய்யவேண்டும்" என்று எழுதிவிடாதீர்கள்.

புளியறை வளைவு:
முதல் வரைவு அடிப்படையிலேயே தப்பு. எல்லையில் வாழ்கிற நமக்கு எதைப் பார்த்தாலும் சோதனைச்சாவடி ஞாபகம் வருகிறது. காரணமும் உண்டு. லாட்டரிச் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கேரளத்தில் அரசே நடத்துகிறது, தமிழ்நாட்டில் 2003 முதல் தடை. ஒரு பக்கம் சட்டப்படி சரி, மறுபக்கம் குற்றம். அந்த வித்தியாசம்தான் கடத்துகிறவனுக்குக் கிடைக்கும் லாபம். அப்படிப்பட்ட பொருளுக்குச் சாவடியில் ஆள் போட்டால் பலன் உண்டு.

இ-சிகரெட்டுக்கு அந்த வித்தியாசம் கிடையாது. பாறசாலையில் வெளிப்படையாக விற்கும் கடை எதுவும் இல்லை, அங்கிருந்து பையில் போட்டு வர. இரண்டு பக்கமும் தடை என்றால் எல்லைக்கோட்டுக்கு விலை இல்லை. சரக்கு மூன்று வழியில் வருகிறது. கூரியர் ஒன்று. ஆம்னி பஸ், பார்சல் சர்வீஸ் இன்னொன்று. மூன்றாவது, வெளிநாட்டிலிருந்து வருபவர்களின் பெட்டி.

மூன்றாவதை நம்ம ஊரில் யாரும் குற்றமாகவே நினைப்பதில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2019 ஏப்ரல் முதல் இது சட்டப்படி விற்பனைக்கு வந்தது. அங்கே கடையில் பில் போட்டு வாங்கியதைத் திருவனந்தபுரம் விமானநிலையம் வழியாகக் கொண்டுவந்தால் அது தடை செய்யப்பட்ட இறக்குமதி. 2019 செப்டம்பரிலேயே இறக்குமதிக் கொள்கையிலும் தடை போட்டாகிவிட்டது. சொந்த உபயோகம், தம்பிக்குப் பரிசு என்ற விதிவிலக்கெல்லாம் இல்லை. நம் பகுதியில் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவில் இருக்கிறார்கள். விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு இந்த ஒரு தகவலைச் சேர்ப்பித்தாலே பாதி வேலை ஆச்சு.

கூரியரில் கவனிக்கவேண்டியது: அனுப்புநர் முகவரி அரைகுறையாக இருக்கும், உள்ளடக்கம் "மொபைல் உதிரிபாகம்", "அழகுசாதனம்", "பரிசுப்பொருள்" என்று எழுதியிருக்கும். ஒரே தொலைபேசி எண்ணுக்கு வேறுவேறு பெயரில் சின்னப் பெட்டிகள் வரும். வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம், ஆபீசிலேயே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்பார்கள். இதில் ஏதாவது ஒன்று மட்டும் இருந்தால் சந்தேகப்பட வேண்டாம், நிறையப் பேர் நேர்மையாகவே ஆபீசில் வந்து வாங்குகிறார்கள். நான்கும் சேர்ந்து வந்தால் பெட்டியை நீங்களே உடைக்காமல் மேலாளருக்குச் சொல்லி, காவல்நிலையத்துக்குத் தகவல் கொடுங்கள்.

கொழிஞ்சாம்பாறை:
இரண்டாவது வரைவின் பக்கம் நான் நிற்கிறேன். பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழர்களிலும் இதே விவாதம் நடக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

சாகடிப்பது நிக்கோட்டின் அல்ல, எரிதல். பீடியும் சிகரெட்டும் எரியும்போது தாரும் கார்பன் மோனாக்சைடும் வருகின்றன. இ-சிகரெட்டில் எரிதல் இல்லை, தார் இல்லை. இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு 2015இல் சிகரெட்டைவிட ஏறத்தாழ 95 சதவீதம் தீங்கு குறைவு என்று மதிப்பிட்டது. 2019இல் இங்கிலாந்தில் நடந்த சோதனையில், ஓராண்டுக்குப் பிறகு சிகரெட்டை விட்டிருந்தவர்கள் இ-சிகரெட் பிரிவில் 18 சதவீதம், நிக்கோட்டின் சூயிங்கம், ஒட்டுப்பட்டை பிரிவில் 9.9 சதவீதம். ஏறக்குறைய இரட்டிப்பு.

இப்போது நம் நாட்டு நிலையைப் பாருங்கள். தீங்கு கூடியது எந்த முறுக்கான் கடையிலும் உதிரியாகக் கிடைக்கிறது. தீங்கு குறைந்தது குற்றம். தென்காசி, கடையம் பக்கம் பீடி சுற்றிப் பிழைக்கும் பெண்களின் வயிற்றில் அடிக்கச் சொல்லவில்லை. ஆனால் பீடியை விடமுடியாத அறுபது வயதுக்காரருக்கு ஒரு மாற்று வழியைச் சட்டம் போட்டு மூடுவது என்ன நியாயம்?

அமெரிக்காவில் 2019-20இல் வேப் இழுத்ததால் வந்த நுரையீரல் பாதிப்பால் மருத்துவமனைக்கு வந்தவர்களும் இறந்தவர்களுமாக 2,807 பேர் பதிவானார்கள், 68 பேர் இறந்தார்கள். அதையும் காட்டி இங்கே தடையை நியாயப்படுத்துகிறார்கள். அங்கே முக்கியக் காரணம் கள்ளச் சந்தைக் கஞ்சா எண்ணெயில் கலந்த வைட்டமின் ஈ அசிடேட். கடையில் விற்ற நிக்கோட்டின் திரவம் அல்ல. கண்காணிப்பு இல்லாத சந்தைதான் கொல்கிறது. தடை போட்டு நாம் உருவாக்கியிருப்பதும் அதே சந்தைதான்.

பளுகல் மருந்தாளர்:
கொழிஞ்சாம்பாறை சார், நீங்கள் சொன்ன எண்கள் சரி. அவற்றின் மறுபாதியையும் சேர்த்து வைக்கவேண்டும்.

அந்த 2019 சோதனை கடைவீதியில் நடந்ததல்ல. அரசு நடத்தும் புகை நிறுத்தல் நிலையங்களில் நடந்தது. கலந்துகொண்ட எல்லாருக்கும் குறைந்தது நான்கு வாரம் நேரடி ஆலோசனை இருந்தது. திரவத்தின் அளவு, வலிமை எல்லாம் ஐரோப்பிய வரம்புக்குள். நீங்கள் சொன்ன 18 சதவீதத்தினரில் ஐந்தில் நான்கு பேர் ஓராண்டு கழித்தும் இ-சிகரெட்டைத் தொடர்ந்து இழுத்தார்கள். சூயிங்கம் பிரிவில் வெற்றி பெற்றவர்களில் அதைத் தொடர்ந்தவர்கள் 9 சதவீதம். சிகரெட் போனது லாபம்தான், அதை மறுக்கவில்லை. நிக்கோட்டின் அடிமைத்தனம் போகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அடுத்து, நம் நாட்டில் யார் எதைப் பயன்படுத்துகிறார்கள்? 2016-17 தேசியக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 28.6 சதவீதம் ஏதாவதொரு புகையிலை. மெல்லுவது 21.4, புகைப்பது 10.7. பீடி 7.7, சிகரெட் 4. அதே கணக்கெடுப்பில் அப்போது இ-சிகரெட் பயன்படுத்தி வந்தவர்கள் 0.02 சதவீதம். ஹான்ஸ், வெற்றிலையோடு புகையிலை போடுபவருக்கு மின்கருவி என்ன மாற்று? பீடிக்காரர் அந்த விலைக்கு எங்கே போவார்? அந்த அறுபது வயதுக்காரரை யாரும் குறிவைக்கவில்லை. மாம்பழம், தர்பூசணி, புதினா வாசனை யாருக்காக? 2019 பள்ளிக் கணக்கெடுப்பில் 13 முதல் 15 வயதுக்குள் 2.8 சதவீதம் பிள்ளைகள் ஒருமுறையாவது இழுத்திருந்தார்கள். பெரியவர்களில் பத்தாயிரத்துக்கு இரண்டு பேர், பிள்ளைகளில் ஆயிரத்துக்கு இருபத்தெட்டு. ஒன்று இப்போது இழுப்பவர் கணக்கு, மற்றது ஒருமுறையாவது இழுத்தவர் கணக்கு, ஆண்டும் வேறு. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் பொருள் எந்தப் பக்கம் போகிறது என்பது தெரிகிறது.

இங்கிலாந்தையே உதாரணம் காட்டினீர்கள். அதே இங்கிலாந்து 2025 ஜூன் 1 முதல் பயன்படுத்தி எறியும் வகையைத் தடை செய்துவிட்டது, பிள்ளைகள் கையில் போய்ச் சேர்ந்ததும் குப்பை சேர்ந்ததும் காரணம். ஆஸ்திரேலியா மருந்துக்கடை வழியாக மட்டும் கொடுக்கிறது.

கொழிஞ்சாம்பாறை:
ஆஸ்திரேலிய வழியைத்தான் நானும் கேட்கிறேன். மருந்துக்கடை, மருந்தாளரின் ஆலோசனை, ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம் நிக்கோட்டின் வரம்பு. முறுக்கான் கடையில் தொங்கவிடச் சொல்லவில்லை.

பளுகல் மருந்தாளர்:
அப்படியென்றால் இரண்டாவது வரைவில் "விற்க அனுமதி" என்ற சொல் இருக்கவே கூடாது. வியாபாரிகள் சங்கம் அப்படி எழுதினால் கடைக்காரர் தன் கல்லாவுக்காகக் கேட்கிறார் என்றுதான் படிப்பார்கள். 2019 சட்டமே மருந்துகள் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்ற பொருளுக்கு விலக்கு வைத்திருக்கிறது. யாராவது மருந்தாக நிரூபித்து உரிமம் வாங்கினால் கதவு திறந்திருக்கிறது. அதுவரை மருந்தென்று சொல்லிப் பழவாசனை விற்க இடமில்லை.

கொழிஞ்சாம்பாறை:
அந்த விலக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விட நினைப்பவருக்கு உதவி எங்கே என்ற கேள்விக்குப் பதில் வரும்வரை தடையைப் பெரிதாகக் கொண்டாட என்னால் முடியாது.

சால்டரிங் மேசை:
சாதனத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. கடைக்காரர், ஆசிரியர், எஸ்.ஐ. மூன்று பேருக்கும் இது தெரிந்திருக்கவேண்டும்.

சின்ன வகை: அலுமினியக் குழாய், உள்ளே 3.7 வோல்ட் லித்தியம்-அயன் பேட்டரி, சுமார் 550 மில்லி ஆம்பியர்-மணி. காற்றழுத்தம் உணரும் ஒரு சின்ன உணரி, மைக் போல இருக்கும், பொத்தானே கிடையாது. இழுத்தால் உணரி திறக்கும், காயில் சூடாகும். காயில் 1.4 ஓம் என்றால் ஏறக்குறைய 10 வாட். காயிலைச் சுற்றிப் பஞ்சு, அதில் ஊறிய திரவம் 2 மில்லி. திரவம் என்பது புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனை, நிக்கோட்டின். உறிஞ்சும்போது தொண்டை எரியாமலிருக்க நிக்கோட்டினோடு பென்சாயிக் அமிலம் சேர்த்து உப்பாக மாற்றுகிறார்கள். பழக்கமில்லாத பிள்ளையும் இருமாமல் அதிக அளவு இழுக்க முடிவதற்குக் காரணம் இதுதான்.

பெரிய வகையில் 10 மில்லி வரை திரவம், வலைக் காயில், சார்ஜ் செய்ய டைப்-சி துளை. கணக்கு போடுங்கள்: ஒரு மில்லிக்கு 50 மில்லிகிராம் என்றால் 10 மில்லியில் 500 மில்லிகிராம் நிக்கோட்டின். சிகரெட் ஒன்றிலிருந்து உடலுக்குச் சேர்வது ஒன்று, ஒன்றரை மில்லிகிராம். கருவியிலுள்ளது முழுதும் உடலுக்குப் போவதில்லை. இருந்தும் ஒரு பாக்கெட் சிகரெட்டுக்குச் சமம் என்று சொல்வது இந்தப் பெரிய வகைக்குப் பொருந்தாது, அதைவிடப் பல மடங்கு. ஐரோப்பிய வரம்பு ஒரு மில்லிக்கு 20, தொட்டி 2 மில்லி. இங்கே அட்டையில் என்ன அச்சிட்டிருந்தாலும் சரிபார்க்க யாரும் இல்லை.

எங்கே கெட்டுப்போகும்? திரவம் தீர்ந்தபின் இழுத்தால் பஞ்சு காய்ந்து கருகும், காயில் 300 டிகிரியைத் தாண்டும். கிளைக்காலும் கிளிசரினும் உடைந்து பார்மால்டிஹைடு, அசிட்டால்டிஹைடு, அக்ரோலின் வரும். "எரிதல் இல்லை" என்ற வாதம் அந்த இடத்தில் தடுமாறுகிறது. மலிவான காயிலிலிருந்து நிக்கல், குரோமியம், சில சமயம் பற்றவைத்த ஈயம் கூடத் திரவத்தில் கரையும். தீர்ந்துபோன குழாயை ஊசியால் மறுநிரப்பு செய்து விற்பவர்கள் இருக்கிறார்கள். அளவு கூடினால் திரவம் உணரிக்குள் இறங்கும். நனைந்த உணரி இழுக்காமலே காயிலை ஓட்டும், சட்டைப்பையிலேயே சுடும். பாதுகாப்புச் சுற்று இல்லாத பேட்டரி என்றால் தீப்பிடிக்கும்.

அடையாளம்: பென்டிரைவ், ஹைலைட்டர் பேனா, உதட்டுச்சாயம், சின்ன ஜூஸ் டப்பா வடிவம். ஒரு முனையில் வாய் வைக்கும் துளை, மறுமுனையில் ஊசித்துளை அளவு காற்றுவழி, பெரும்பாலும் ஒரு சின்ன விளக்கு. பென்டிரைவுக்குக் காற்றுவழி தேவையில்லை.

பாறசாலை டீச்சர்:
சால்டரிங் சார் எழுதிய கடைசிப் பத்தியை ஆசிரியர் அறையில் ஒட்டலாம்.

பள்ளியில் செய்யவேண்டியதும் கூடாததும்: பையிலிருந்து கிடைத்தால் வகுப்பு முன்னால் காட்டக் கூடாது, முகர்ந்துபார்க்கக் கூடாது, இயக்கிப் பார்க்கக் கூடாது. தேதி, நேரம், கிடைத்த இடம், சாட்சியாக இன்னொரு ஆசிரியர் கையெழுத்து. சாதனத்தை உறையில் போட்டுத் தலைமையாசிரியரிடம். பெற்றோரைத் தனியாக அழைத்துப் பேசவேண்டும். பிள்ளையை நீக்குவதால் ஒரு பயனும் இல்லை, கொடுத்தவன் அடுத்த பிள்ளையைப் பிடிப்பான். பிள்ளையிடம் கேட்கவேண்டிய கேள்வி "ஏன் இழுத்தாய்" அல்ல, "காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் இழுப்பு" என்பது. அதற்குக் கிடைக்கும் பதில்தான் அடுத்து மருத்துவரா, ஆலோசகரா என்று தீர்மானிக்கும்.

கொடுத்தவர் பெரியவர் என்றால் குழந்தைகளுக்குப் புகையிலைப் பொருள் கொடுப்பதற்கு இளைஞர் நீதிச் சட்டம் 77ஆம் பிரிவில் ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் வரை அபராதமும் இருக்கிறது. இ-சிகரெட் திரவம் அந்தச் சொல்லுக்குள் அடங்குமா என்று வக்கீல் சார்தான் சொல்லவேண்டும். புகையிலையில்லாக் கல்வி நிறுவன வழிகாட்டுதல்படி வளாகத்திலிருந்து 100 கஜம், அதாவது சுமார் 91 மீட்டர், புகையிலை விற்கக் கூடாத எல்லையை மஞ்சள் கோடு போட்டுக் காட்டவேண்டும். கோடு போடாத பள்ளிகள் எல்லையின் இரண்டு பக்கமும் இருக்கின்றன. வியாபாரிகள் சங்கமே பெயிண்ட் வாங்கிக் கொடுத்துக் கோடு போடலாம்.

வக்கீல் மேசை:
டீச்சர், செயற்கையாகத் தயாரித்த நிக்கோட்டின் என்று எதிர்த்தரப்பு வாதாட இடமுண்டு. ஆகவே 77ஐ மட்டும் நம்பி நிற்காமல் 2019 சட்டத்தின் 4ஆம் பிரிவையும் சேர்த்துப் புகார் எழுதுவதே நல்லது. விநியோகம் என்ற சொல் அதில் இருக்கிறது, காசு வாங்கியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. குழாயில் இருப்பது கஞ்சா எண்ணெய் என்று சந்தேகம் வந்தால் அது போதைப்பொருள் சட்டம், முற்றிலும் வேறு பாதை, கைது விதிகளும் வேறு. அதை ஆசிரியர் முடிவு செய்யக் கூடாது.

புகார் எப்படி: 4ஆம் பிரிவுக் குற்றத்துக்குக் காவல்துறை நேரடியாக வழக்குப் பதிவு செய்யலாம். எஸ்.ஐ. தரத்துக்குக் குறையாத காவல் அலுவலர் தேடவும் கைப்பற்றவும் அதிகாரம் உள்ளவர். கலால் துறை, உணவுப் பாதுகாப்பு அலுவலர் போன்றவர்களுக்கு அரசின் அறிவிக்கை தேவை. ஆகவே "உணவு ஆபீசருக்குப் போன் பண்ணினேன், வரல" என்று குறைப்படுவதில் பொருளில்லை, அவருக்குக் குட்காவில் இருக்கும் அதிகாரம் இதில் தானாக வராது. சம்பவம் பாறசாலையில், புகார்க்காரர் களியக்காவிளையில் என்றால் எந்த நிலையத்திலும் எழுதிக் கொடுக்கலாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு எல்லை பார்க்காமல் பதிவு செய்யச் சொல்கிறது. நமக்கு இதுதான் மிகவும் உபயோகமான வரி, எல்லையில் "அது அந்தப் பக்கம்" என்று கைகாட்டுவது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

வழக்கு விழுவது பெரும்பாலும் கைப்பற்றலில். கைப்பற்றியதைப் பதியும் மகஜரில் எண்ணிக்கை மட்டும் எழுதி நிறுத்தக் கூடாது. அட்டையில் அச்சிட்ட பெயர், வாசனை, மில்லி, நிக்கோட்டின் சதவீதம், தொகுதி எண் எல்லாம் வேண்டும். 2024 ஜூலை 1க்குப் பிறகு அதே சன்ஹிதாவின் 105ஆம் பிரிவுப்படி தேடலையும் கைப்பற்றலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்யவேண்டும். ஒரு மாதிரி சீல் போட்டுத் தனியே போகவேண்டும். மிச்சம் எங்கே வைக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

சால்டரிங் மேசை:
கேட்கவேண்டும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே சாக்குப்பையில் நூறு லித்தியம் பேட்டரி என்றால் அது ஆபத்து. தொடும்போது நைட்ரைல் கையுறை. கசிந்த திரவம் தோல் வழியே உள்ளே போகும், தலைசுற்றல், வாந்தி வரும். குத்தவோ, நசுக்கவோ, வாய்த்துண்டைப் பிடுங்கவோ கூடாது. சார்ஜ் துளைமேல் ஒட்டுநாடா, ஒவ்வொன்றும் தனி பிளாஸ்டிக் உறையில், அடுக்குக்கு அடுக்கு காய்ந்த மணல், மூடி இறுகாத இரும்பு டிரம், நிழல். மூடி இறுகினால் வாயு சேர்ந்து டிரம்மே வெடிக்கும். புகை வந்தால் காற்று வரும் பக்கமாக விலகி, தண்ணீர் தாராளமாக. லித்தியம்-அயனுக்குத் தண்ணீர் கூடாது என்பது தவறு, குளிர்விக்கத் தண்ணீர்தான் வேண்டும். வழக்கு முடிந்தால் 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்கு. காயலான் கடைக்குப் போனால் சம்மட்டியால் உடைப்பார்கள், உடைக்கிறவர் கை போகும்.

பளுகல் மருந்தாளர்:
கொழிஞ்சாம்பாறை சார் கேட்ட "உதவி எங்கே" என்பதற்கு இப்போது வருகிறேன். இது இல்லாத தீர்மானம் பாதித் தீர்மானம்.

2 மில்லிகிராம் நிக்கோட்டின் சூயிங்கம் மருந்துச்சீட்டு இல்லாமலே கிடைக்கும். 4 மில்லிகிராமுக்குச் சீட்டு வேண்டும். எழுந்து அரை மணிக்குள் முதல் இழுப்பு எடுப்பவருக்கு 2 போதாது, மருத்துவரிடம் அனுப்புங்கள். பதினெட்டுக்குக் கீழே என்றால் எந்த அளவும் மருத்துவர் வழியாக மட்டும்.

பெரும்பாலோர் தோற்பது மெல்லும் முறையில். இதைச் சாதாரண சூயிங்கம் போல மெல்லக் கூடாது. பத்துப் பதினைந்து தடவை மெதுவாக மெல்லவும், மிளகுக் காரம் தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கவும். காரம் போனதும் மறுபடி மெல்லவும், இந்தமுறை வேறு பக்கம் ஒதுக்கவும். ஒரு கம் அரை மணி நேரம். வேகமாக மென்றால் நிக்கோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குப் போகும், விக்கலும் குமட்டலும் வரும், "இது எனக்குச் சேரல" என்று தூக்கிப்போட்டுவிட்டுப் பழையபடி ஆரம்பிப்பார்கள். மெல்லுவதற்குக் கால் மணி முன்பும் மெல்லும்போதும் டீ, காப்பி, ஜூஸ் கூடாது, வாயில் அமிலம் கூடினால் உறிஞ்சாது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மென்றால் பலன் பூஜ்யம்.

முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணிக்கு ஒன்று, ஏங்கும்போது மட்டும் போடுவதல்ல, நேரம் வைத்துப் போடவேண்டும். அப்புறம் இடைவெளியைக் கூட்டி மொத்தம் பன்னிரண்டு வாரத்தில் முடிக்கவும். ஒட்டுப்பட்டை என்றால் நாளுக்குப் பத்து சிகரெட்டுக்கு மேல் புகைத்தவருக்கு 21 மில்லிகிராம் ஆறு வாரம், 14 இரண்டு வாரம், 7 இரண்டு வாரம். தினமும் இடம் மாற்றி ஒட்டவும். எரிச்சல், தூக்கமின்மை, கவனச் சிதறல் முதல் இரண்டு மூன்று நாளில் உச்சத்தில் இருக்கும், இரண்டு முதல் நான்கு வாரத்தில் அடங்கும். அந்த மூன்று நாளைத் தாண்ட ஒருவர் கூட இருந்தால் பாதி ஜெயித்தாச்சு.

புகையிலையை நிறுத்த உதவும் தேசிய இலவச எண் 1800-11-2356. மனநல உதவிக்கு 14416, தமிழிலும் பேசலாம். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கேரள அரசின் விமுக்தி போதை மீட்பு மையங்கள். இந்தப் பக்கத்தில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக்கல்லூரியின் மனநலப் பிரிவு.

அவசரத்துக்கு: சின்னக் குழந்தை திரவத்தைக் குடித்துவிட்டால் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக இருந்தாலும் உயிராபத்து. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாயைத் துடைத்து, தோலில் பட்டிருந்தால் நிறையத் தண்ணீரில் கழுவி, குப்பியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு. வாந்தி, எச்சில் ஒழுகல், வியர்வை, வெளிறல் என்று தொடங்கி வலிப்பு வரை போகலாம். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

கொழிஞ்சாம்பாறை:
இந்த ஒரு பதிலுக்காகவே இழைக்கு நன்றி. ஒரு திருத்தம் கேட்கிறேன்: சூயிங்கத்தின் விலை பீடிக்கட்டைவிட எட்டாத உயரத்தில் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கொடுக்கவேண்டும் என்று தீர்மானத்தில் தனி வரியாகப் போடுங்கள். அதைப் போட்டால் "விற்க அனுமதி" கோரிக்கையை நான் விட்டுவிடுகிறேன். மருந்தாக உரிமம் பெறும் வழி சட்டத்தில் திறந்தே இருக்கட்டும் என்பதை மட்டும் விடமாட்டேன்.

குழித்துறைப் பாலம்:
எல்லாவற்றையும் சேர்த்துப் புது வரைவு கீழே. தப்பிருந்தால் சொல்லுங்கள்.

"இக்கூட்டம் தீர்மானிப்பதாவது: 2019 சட்டத்தின் 4, 5 பிரிவுகளை விளக்கும் தமிழ், மலையாள அறிவிப்பை எல்லாக் கடைகளிலும் ஒட்டுவது. உள்வாடகை ஒப்பந்தத்தில் இச்சரக்கு வைக்கமாட்டோம் என்ற வாசகம் சேர்ப்பது. கூரியர், பார்சல் நிலையங்களில் சந்தேகப் பெட்டி பற்றிய நடைமுறையை எழுதி ஒட்டுவது. வளைகுடாவிலிருந்து வருவோருக்கு விமானப் பயணத்துக்கு முன்பே தகவல் சேரும்படி பயணமுகவர் கடைகளில் அறிவிப்பு வைப்பது. பள்ளிகளுக்கு மஞ்சள் கோட்டுக்கான செலவை ஏற்பது. நிக்கோட்டின் சூயிங்கம், ஒட்டுப்பட்டை இரண்டையும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாக வழங்க மாவட்ட நிர்வாகத்தைக் கோருவது. பயன்படுத்துவோரைத் தண்டிக்கக் கோருவதில்லை."

புளியறை வளைவு:
பயணமுகவர் கடையில் ஒட்டினால் போகிறவர்தான் படிப்பார், வருகிறவர் படிக்கமாட்டார். வளைகுடாவில் இருக்கும் நம் ஊர்ச் சங்கங்களின் வாட்ஸப் குழுக்களுக்கு அனுப்புங்கள், ஓணம், கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஒரு மாதம் முன்னால். அந்த வரியை மாற்றவும்.

வக்கீல் மேசை:
உள்வாடகை வாசகத்தில் "முழுச் சாதனமோ அதன் பாகமோ, நிக்கோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும்" என்று சட்டத்தின் சொல்லையே போடுங்கள். "இ-சிகரெட்" என்று மட்டும் எழுதினால் பின்னாளில் ஹூக்கா பேனா என்பார்கள்.

பளுகல் மருந்தாளர்:
இலவச எண் இரண்டையும் கடை அறிவிப்பின் அடியில் பெரிய எழுத்தில். தண்டனை எண்களை அதற்கு மேலே சின்னதாகப் போட்டால் போதும்.

குழித்துறைப் பாலம்:
மூன்றும் சேர்த்தாச்சு. மலையாள வாசகத்தை டீச்சர் பார்த்துக் கொடுத்தால் திங்கள்கிழமை அச்சுக்குக் கொடுத்துவிடலாம்.

பாறசாலை டீச்சர்:
அனுப்புங்கள், ஞாயிறு சாயங்காலத்துக்குள் தருகிறேன். 100 கஜத்தை மலையாளத்திலும் மீட்டரில்தான் எழுதப்போகிறேன், 91 மீட்டர் என்று. பெயிண்ட் அடிக்கிறவர் டேப்பில் மீட்டர்தான் இருக்கும்.